அறுவடை மாதம் எழுதி அரிசி விற்கும் ஒரு வெள்ளவத்தைக் கடை

கொழும்பில் அரிசி வாங்குகிற நாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம்: என்ன அரிசி, கிலோ என்ன விலை. அது எந்த ஊர் வயலில் விளைந்தது, எந்தப் போகத்தில் வெட்டப்பட்டது, நெல்லாக எத்தனை மாதம் கிடந்து ஆலைக்குப் போனது என்றெல்லாம் கேட்கும் வழக்கம் நகரத்தில் அற்றுப்போய்விட்டது. கேட்டாலும் சொல்லத் தெரிந்த வியாபாரி கிடைப்பது அரிது. பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் கிளிநொச்சியிலும் விளைந்த நெல், பெரிய ஆலைகளையும் மரந்தகஹமுல போன்ற மொத்த வியாபார இடங்களையும் கடந்து நமது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், பல வயல்களின் மணிகள் ஒரே உரப்பையில் கலந்துவிடுகின்றன. இந்த நிலையில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இயங்கும் சிறிய அரிசிக் கடை விரிவாக எழுதத் தக்கது. விளம்பரம் வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அப்பகுதியில் அரிசிக் கடை என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

கடைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது, வாய் திறந்து வைக்கப்பட்ட ஒவ்வொரு சாக்கின் மேலும் செருகப்பட்டிருக்கும் வெள்ளை மட்டை. அதில் கையெழுத்தில் ஐந்து விபரங்கள் இருக்கும்: நெல்லின் இனம், போகம் (மாரி மழையில் விளைவது காலபோகம் அல்லது பெரும்போகம், அதற்குப் பின் குளத்து நீரில் விளைவது சிறுபோகம்), விளைந்த ஊர் அல்லது அந்த வயலுக்கு நீர் கொடுத்த குளம், வெட்டிய மாதம், ஆலையில் குற்றிய திகதி. ‘மொட்டைக்கறுப்பன், காலபோகம், தென்மராட்சி மானாவாரி’ என்று ஒன்று சொல்லும். ‘ஆட்டக்காரி, சிறுபோகம், இரணைமடு’ என்று மற்றொன்று. ‘பச்சைப்பெருமாள், காலபோகம், கட்டுக்கரை’ என்று இன்னொன்று. இரசாயன உரம் இட்ட வயலா, இடாத வயலா என்பதும் சில மட்டைகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ‘இயற்கை’ என்று ஒரே சொல்லில் மூடிவிடாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதும், அடுத்து வந்த பெரும்போக விளைச்சல் கடுமையாகச் சரிந்ததை நாம் எல்லோரும் சோற்றுத் தட்டில் உணர்ந்தோம். அதற்குப் பிறகும் உரம் இட்டு விளைந்த நெல்லை இழிவானதாகப் பேசுவது கமக்காரருக்குச் செய்யும் அநீதி. இந்தக் கடை அப்படிப் பேசுவதில்லை. உள்ளதை எழுதிவிட்டுத் தெரிவை வாங்குபவரிடம் விடுகிறது.

குளத்தின் பெயரை எழுதுவதில் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் வானத்தை நம்பிய பயிர். ஆவணி, புரட்டாதியில் விதைத்து, வாடைக்காற்றுக் கால மழையில் வளர்த்து, தையிலும் மாசியிலும் வெட்டுவதோடு ஆண்டின் நெல் வேலை முடிந்துவிடும். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தில் நீர் இருந்தால் காலபோகத்துக்குப் பின் சிறுபோகமும் உண்டு. எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் திறக்கப்படும், எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். ஆகவே ஒரு மட்டையில் ‘இரணைமடு, சிறுபோகம்’ என்று எழுதியிருந்தால், அந்த ஆண்டு குளத்தில் நீர் மிஞ்சியிருந்தது, கமக்காரர்கள் கூடிப் பேசி அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள், ஆவணி வெயிலில் வெட்டி நன்றாக உலர்த்தினார்கள் என்ற மூன்று செய்திகளும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லுக்கும், மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லுக்கும் இதேபோன்ற தனித்தனி வரலாறு உண்டு.

அடுத்தது வெட்டிய மாதம். இதன் அருமை அடுப்படியில்தான் முழுமையாகத் தெரியும். புதிதாக வெட்டிய நெல்லின் அரிசி குறைந்த நீரில் வெந்துவிடும். வழக்கமான அளவு நீர் வைத்தால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். சில மாதம் நெல்லாக வைத்திருந்து குற்றிய பழைய அரிசி கூடுதலாக நீர் இழுத்து, பருத்து, உதிரியாக வரும். வீட்டில் ஒரே அளவுக் குவளையும் ஒரே ரைஸ் குக்கரும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சோறு நன்றாக வருகிறது, மறுமாதம் களியாகிறது என்று குறைப்படுகிறவர்கள், வெட்டிய மாதம் மாறிவிட்டதை அறிய வழியில்லாமல் அரிசியையோ ஆலையையோ நொந்துகொள்கிறார்கள். இந்தக் கடையில் அந்தத் தடுமாற்றம் இல்லை. மாசியில் நான் காலபோகச் சிவப்பரிசி வாங்கியபோது, பரந்தன் பக்கத்தைச் சேர்ந்த கடைக்காரர், “இது இப்ப வெட்டின நெல்லு அக்கா, தண்ணியைக் குறைச்சு விடுங்கோ, மூடி வைச்சு நேரம் குடுங்கோ” என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னபடியே செய்ததில், மணி உடையாமல், சற்றே பசைத்தன்மையோடு, தவிட்டின் மணம் குறையாத சோறு கிடைத்தது. மீன் குழம்புக்கு அந்தச் சோறுதான் பொருந்துகிறது. உதிரிச் சோறு விரும்புகிறவர்கள் சிறுபோக நெல்லின் புழுங்கலரிசியை வாங்க வேண்டும்.

தீட்டாத அரிசிக்குக் குற்றிய திகதி இன்னும் முக்கியம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால், குற்றியபின் நாள் செல்லச் செல்லச் சிக்கு வாடை ஏறும். நெல்லாக இருக்கும்வரை உமி அதைக் காத்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் நெல்லை மொத்தமாகக் குற்றி வைக்காமல், விற்கும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குற்றுவித்து எடுப்பதால், நான் வாங்கிய எந்தத் தீட்டாத அரிசியிலும் அந்த வாடை வரவில்லை.

இனங்களைப் பொறுத்தவரையில் எனது தெரிவு மொட்டைக்கறுப்பன். புழுங்கலரிசியாக வாங்கிச் சமைத்தால் வேக நேரம் எடுக்கும். ஆனால் மதியம் வடித்த சோறு இரவிலும் கெட்டிப்படாமல் இருக்கிறது, பழஞ்சோற்றுக்கு அதற்கு நிகர் இல்லை. பச்சைப்பெருமாள் ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் விளையும் குறுங்காலச் சிவப்பு நெல். இடித்த மாவில் பிட்டு அவித்தால் நிறமும் மணமும் ஒருங்கே சேர்கின்றன. ஆட்டக்காரி அன்றாடச் சோற்றுக்கு நம்பகமானது. கிழக்கிலிருந்து வரும் கீரிச் சம்பா இங்கு சாதாரணமாகவே இருக்கிறது. அதற்காக இந்தக் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தை மாதத்தில் இந்தக் கடை நடந்துகொள்ளும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் வெள்ளவத்தைச் சந்தையும் காலி வீதி நடைபாதையும் கரும்பாலும் மஞ்சள் கொத்தாலும் மண்பானையாலும் நிறைந்துவிடும். ‘புத்தரிசி’ என்று கூவி விற்காத கடை இராது. ஆனால் வடக்கில் காலபோக நெல்லின் பெரும்பகுதி தை முதலாம் நாளுக்குப் பின்னரே வெட்டப்படுகிறது. முந்தி விதைத்த குறுங்கால நெல் சிறிதளவு வந்திருக்கலாம். கொழும்பு முழுவதற்கும் போதுமான புத்தரிசி அந்த வாரத்தில் இருக்க முடியாது. இந்தக் கடைக்காரர் பொங்கலுக்கு விற்ற சிவப்புப் பச்சையரிசியின் மேல் ‘சென்ற சிறுபோகம்’ என்றே எழுதி வைத்திருந்தார். ஒரு வயதான அம்மா மனம் நொந்து, “புது அரிசி இல்லையோ தம்பி?” என்று கேட்டபோது, பூசத்துக்குள் வந்துவிடும், புதிருக்கு எடுத்துத் தருகிறேன் என்று பதில் சொன்னார். விற்பனைக்காக ஒரு சொல்லை வளைக்காத அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் மட்டைகளில் உள்ள மற்ற விபரங்களையும் நான் முழுமையாக நம்பத் தொடங்கினேன்.

அவர் சொன்னது நம் மரபோடும் ஒத்தது. பொங்கல் கதிரவனுக்குச் செய்யும் நன்றி; புதிய நெல்லை முதன்முதலாக உண்ணத் தொடங்கும் புதிர், யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தோடு சேர்ந்து வருவது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நெற்புதிர் அறுவடை விழா இன்றும் தைப்பூசத்துக்கு முதல் நாள் நடைபெறுகிறது. மறவன்புலவில் கோயிலுக்குரிய வயலில் கதிர் அறுத்துக் கோயிலுக்கு எடுத்து வருகிறார்கள். பூசத்துக்கு முன் கடைக்கு வந்த நெற்கதிர்க் கட்டுகளும் புதிய பச்சையரிசியும் அளவான விலையில் விற்கப்பட்டன. கதிர் முற்றி, வைக்கோல் மணம் மாறாமல் இருந்தது. அடுக்குமாடி வீட்டுச் சுவாமி அறையில் வைக்க அது போதும். அந்த அரிசியில் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பொங்கிய புக்கை, இவ்வளவு ஆண்டுகளில் கொழும்பில் நான் உண்டவற்றுள் மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அறுவடை என்பது விளைந்ததை அள்ளிக்கொள்ளும் நாள் என்று நகரத்தில் நினைக்கிறோம். வயலில் அது கணக்குத் தீர்க்கும் நாள். அரிவி வெட்டி, கதிர்க் கட்டுகளைப் போராக அடுக்கிச் சூடு வைத்து, மாடு விட்டு மிதித்த காலத்தில், களத்தில் குவிந்த பொலியிலிருந்து கோயிலுக்கும், வெட்டியவருக்கும், ஊருக்குத் தொண்டு செய்த குடிகளுக்கும் அளந்து கொடுத்த பின்னரே மிச்சம் வீட்டுக்குப் போனது. அந்தப் பங்கீட்டில் சாதியின் கடுமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் குவியல் முழுவதும் ஒருவருக்கே உரியது என்று யாரும் எண்ணவில்லை. கிழக்கின் முஸ்லிம் கமக்காரர்களிடம் இந்த உணர்வு மார்க்கக் கடமையாகவே நிற்கிறது: மழையில் விளைந்த நெல்லானால் பத்தில் ஒரு பங்கும், செலவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்ததானால் இருபதில் ஒரு பங்கும் ஸக்காத்தாகப் பிரித்துவிட வேண்டும். உழைப்பும் செலவும் கூடிய இடத்தில் கடமை பாதியாகக் குறைகிறது என்ற அந்தக் கணக்கின் நியாயம் என்னை எப்போதும் ஈர்ப்பது. அநுராதபுரத்தில் சிங்கள மக்கள் ஸ்ரீ மகாபோதிக்குப் புத்தரிசிக் காணிக்கை வைக்கிறார்கள். தேவாலயங்களில் அறுவடை விழா நாளன்று விளைபொருள்களைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைக்கிறார்கள். முதற்பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் உண்ணத் தொடங்க வேண்டும் என்பதில் இந்நாட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்று அந்தக் கணக்கு வேறு கைகளுக்குப் போய்விட்டது. வெட்டு இயந்திரம் இறங்கி, ஓர் ஆள் கூட்டம் பல நாள் செய்த வேலையை ஒரே நாளில் முடித்து, ஈரம் மாறாத நெல்லை மூடையில் கொட்டிவிட்டுப் போகிறது. இயந்திரக் கூலி, உரக் கடன், நகை அடகு எல்லாம் அதே கிழமையில் கழுத்தைப் பிடிக்கின்றன. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025 பெப்ரவரியில் அறிவித்த உத்தரவாத விலை, நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய், சம்பா 125 ரூபாய், கீரிச் சம்பா 132 ரூபாய். ஆனால் அது 14 வீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நெல்லுக்கு உரியது. வயலிலிருந்து வரும் நெல்லில் ஈரம் 20 வீதத்துக்கு மேலும் இருக்கும். உலர்த்தக் களமும் வைக்கக் களஞ்சியமும் இல்லாதவர் வயற்கரைக்கு வந்து நிற்கும் லொறிக்காரர் சொன்ன விலைக்கே ஈர நெல்லைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. நெல் மிக அதிகமாகக் கையில் இருக்கும் நாளிலேயே கமக்காரரின் பேரம் மிகவும் தளர்ந்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடு கடையின் விலையைப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச சில்லறை விலை பச்சையரிசிக்கு 220 ரூபாய், நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரிச் சம்பாவுக்கு 260. இங்கே மொட்டைக்கறுப்பன் கிலோ 400 ரூபாயைத் தாண்டுகிறது. விலை அதிகம்தான், நாளும் பொழுதும் பலர் உண்ணும் வீட்டில் இதை அன்றாட அரிசியாக வைத்துக்கொள்வது கடினம். எனினும் நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகிறது என்பதால், கிலோ 120 ரூபாய் நெல்லிலிருந்து வரும் அரிசிக்கு, குற்றுகூலியும் போக்குவரத்தும் சேருமுன்னரே 180 ரூபாய் அடக்கமாகிவிடுகிறது. பாரம்பரிய நெல்லோ நெட்டையாக வளர்ந்து காற்றுக்குச் சாய்வது. சாய்ந்த பயிரில் இயந்திரம் பிடிக்காமல் ஆள் விட்டு வெட்ட வேண்டியும் வரும். ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சலோ புதிய இனங்களைவிட மிகக் குறைவு. இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 400 ரூபாய் அநியாயம் அல்ல.

எனது மனக்குறை விலையின் அளவைப் பற்றியது அன்று. அதன் ஒரு பகுதி மட்டையில் எழுதப்படாமல் இருப்பதைப் பற்றியது. இனம், போகம், குளம், மாதம் எல்லாம் எழுதும் இவர், கமக்காரருக்கு நெல் கிலோவுக்கு என்ன கொடுத்தார் என்பதை எழுதுவதில்லை. வாய்விட்டுக் கேட்டால் சொல்கிறார். உலர்ந்த நெல்லையே உத்தரவாத விலைக்கு மேல் கொடுத்து வாங்குவதாகவும் சொல்கிறார். அப்படியானால் அதை ஆறாவது விபரமாக எழுதுவதற்கு என்ன தடை? களத்தில் எல்லோர் முன்னிலையிலும் பங்கு அளந்த ஒரு மரபைச் சேர்ந்தவர், சாக்கின் மேல் அந்த ஓர் எண்ணை எழுதிவிட்டால், கொழும்பில் வேறு எந்தக் கடையும் செய்யாத ஒன்றைச் செய்தவராவார். இதை அவரிடமே கேட்டுக்கொண்டேன்; அடுத்த காலபோகத்துக்குப் பார்ப்போம் என்றார்.

இன்னொரு குறை கல். மானாவாரிச் சிவப்பரிசியில், குறிப்பாக மாசி, பங்குனியில் வரும் சாக்குகளில், சிறு கற்கள் இருக்கின்றன. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அறுவடைக் காலத்தில் தார் வீதியின் ஒரு பாதியில் நெல் பரப்பிக் காயவைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். உலர்களம் இல்லாத ஊரில் வீதியே களம், அள்ளும்போது மணலும் சல்லியும் சேர்ந்துவிடும். கடும் வெயிலில் விரைவாகக் காய்வதால் மணி வெடித்துக் குறுணலும் கூடுகிறது. காரணம் விளங்கினாலும் பல்லில் கல் பட்டால் வலிக்கவே செய்யும். பெரிய ஆலைகளில் கல் பிரிக்கும் இயந்திரம் உண்டு. இவர் குற்றுவிக்கும் சிறிய ஆலையில் இல்லை. இந்த விலைக்கு விற்பவர் ஓர் ஆளை வைத்தாவது புடைத்துத் தர வேண்டும். அதுவரைக்கும் வாங்குகிறவர்கள் சுளகில் புடைத்து, அரிக்கன் சட்டியில் அரித்துச் சமைப்பதே நல்லது.

பொதியிடல் எளிமையானது: கடதாசிப் பைக்குள் கட்டித் தருகிறார்கள், மட்டையில் உள்ள விபரங்களைச் சிறு துண்டில் எழுதி உள்ளே போடுகிறார்கள். கொழும்பின் கடற்காற்று ஈரத்துக்குக் கடதாசி தாங்காது. வீட்டுக்குப் போனவுடன் காற்றுப் புகாத போத்தலுக்கோ தகரப் பேணிக்கோ மாற்றிவிட வேண்டும். தீட்டாத அரிசியை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் வாங்க வேண்டாம். ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கினால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பகுதிகளுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு அந்த வசதி இல்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது. மாலையில் ஒழுங்கை நெரிசலாகிவிடும் என்பதால் காலையில் போவது உத்தமம். முதன்முறை போகிறவர்கள் மொட்டைக்கறுப்பன் புழுங்கலில் ஒரு கிலோவும், பிட்டுக்குப் பச்சைப்பெருமாள் மாவில் அரைக் கிலோவும் வாங்கிப் பாருங்கள். புதிருக்குக் கதிரும் பச்சையரிசியும் வேண்டுமானால் பொங்கல் முடிந்த கையோடு சொல்லி வைத்துவிடுங்கள். பூசத்துக்கு முதல் நாள் போனால் கிடைக்காது.